பென்சிலுக்கு முன்னால் விரல்

பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எப்ப டீச்சர் எழுதச் சொல்லிக் கொடுப்பீங்க?" பிள்ளைக்கு வயது நான்குதான். சில வாரங்கள் போனதும் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால் அது நல்ல பள்ளி. இன்று பிள்ளை மணலில் விளையாடினான், கட்டை அடுக்கினான், காகிதம் கிழித்து ஒட்டினான் என்று டீச்சர் சொன்னால் முகம் வாடிவிடும். "விளையாடத்தான் வீடு இருக்கே" என்பார்கள்.

இந்தக் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. ரப்பர் தோட்டத்து வாழ்க்கையிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் பென்சிலைப் பிடித்துத்தான் வெளியேறின. எழுதத் தெரிந்தவர் கிராணி (தோட்டக் கணக்கர்) ஆனார், ஆசிரியர் ஆனார், அரசாங்க வேலைக்குப் போனார். தெரியாதவர் உளியோடும் வாளியோடும் நின்றுபோனார். "என் பிள்ளை கையால உழைக்கக் கூடாது, மூளையால பிழைக்கணும்" என்று இரண்டு மூன்று தலைமுறைகள் வேண்டிக்கொண்டதற்கு அனுபவம் காரணம். ஆனால் அந்த வேண்டுதல் கையையும் மூளையையும் இரண்டு தனிப் பொருள்களாகப் பிரித்துவிட்டது. 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தையிடம் அப்படிப் பிரிக்கவே முடியாது. அந்த வயதில் யோசிக்கும் வேலையில் பெரும்பங்கு விரல்கள் வழியாகத்தான் நடக்கிறது. விரலுக்கு வேலை கொடுக்காமல் பென்சிலை மட்டும் கொடுத்தால், பென்சிலும் சரியாக ஓடாது, யோசனையும் மெலிந்துபோகும்.

பால் வெட்டும் வேலையையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் உட்பட்டையில், மரம் வளர்வதற்குக் காரணமான மெல்லிய படலத்தை ஒட்டி இருக்கின்றன. உளி அந்தப் படலத்தில் பட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பயந்து மேலாக வெட்டினால் பால் வராது. நடுவில் விட வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்குள் 400, 500 மரங்களில் அந்த இடைவெளியைத் தவறாமல் பிடித்தவர்கள் நம் பாட்டிமார்கள். மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் மாறும், சாய்வு மாறும், பழைய வெட்டின் நிலை மாறும். கண் பார்த்து, கை உணர்ந்து, மனம் முடிவெடுத்தது. அதைக் "கூலி வேலை" என்று பெயரிட்டு ஒதுக்கியது சம்பளம் கொடுத்தவர்களின் கணக்கு. நாமும் அதே கணக்கை ஏற்றுக்கொண்டது வருத்தமான விஷயம்.

1907: ரோமிலும் மலாயாவிலும்

கோலாகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கம்தான். அங்கே தொடங்கிய பயிர் 1900களின் முதல் பத்தாண்டில் மலாயா முழுக்கப் பரவியது. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதை ஒழுங்குபடுத்த 1907இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆண்களும் பெண்களும் கப்பலேறி வந்தார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போய்விட்டால் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்காக வந்ததுதான் ஆயாக் கொட்டகை. சேலைத் தொட்டில்கள், ஒரு வயதான அம்மா, பால், கஞ்சி. பிள்ளைகள் எங்கேயும் போய் விழாமல், பாம்புக்கடி படாமல், அழுதால் சமாதானம் செய்து வைத்திருப்பது அதன் நோக்கம்.

அதே 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, இத்தாலியின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. அங்கேயும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெற்றோர் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பள்ளி வயது வராத பிள்ளைகள் கட்டடத்துக்குள் ஓடித் திரிந்து சுவரைப் பாழாக்குகிறார்கள். கட்டடத்தைப் பராமரித்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும். பொறுப்பு மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முதலில் அமர்த்தப்பட்ட பெண் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல. அந்த வகையில் அவரும் நம் ஆயாவைப் போன்றவர்தான்.

வேறுபாடு பிள்ளைகளின் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதில் இருந்தது. மரக்கட்டையில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பொருந்தும் ஓர் உருளை, அதைத் தூக்க மேலே ஒரு சின்னக் குமிழ். குமிழைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும்தான் பிடிக்க முடியும். தவறான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும். "தப்பு" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மிஞ்சிய உருளையே சொல்லிவிடும். பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி பார்க்கிறது, ஒப்பிடுகிறது, மாற்றுகிறது. கை பழகும் அதே நேரத்தில் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கமும் வருகிறது. அதோடு எழுதுகோலைப் பிடிக்கப் போகும் மூன்று விரல்களும் வலுப்பெறுகின்றன. மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார்.

ஆயாக் கொட்டகையை நான் பழிக்கவில்லை. அந்த அம்மாக்கள் வளர்த்த பிள்ளைகள்தான் இன்று நம் தாத்தா பாட்டிகள். தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைகளின் உயிரைக் காக்க ஒரு கொட்டகை போட்டன, அறிவை வளர்க்க எதுவும் வைக்கவில்லை. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் கூலித் தொழிலாளர் பிள்ளைகள், இரண்டு இடத்திலும் பணம் குறைவு. ஆகவே வசதி இல்லாததால்தான் முடியவில்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அன்றைக்கும் இன்றைக்கும்.

கண் முன்னே போகிறது, கை பின்னே வருகிறது

மேசையில் கிடக்கும் ஒரு பாசிமணியை எடுக்கும்போது என்ன நடக்கிறது? கை கிளம்புமுன் கண் அங்கே போய் நின்றுவிடுகிறது. கை போய்க்கொண்டிருக்கும்போதே விரல்கள் மணியின் அளவுக்கு ஏற்ப விரியத் தொடங்கி, நெருங்கும்போது சுருங்குகின்றன. தொடுமுன்பே மூளை அளவைக் கணித்துவிட்டது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் தேவைக்கு மேல் விரலை அகல விரிப்பார்கள், கணிப்பு இன்னும் துல்லியமாகவில்லை. தவறவிட்டு, தட்டிவிட்டு, மறுபடி எடுத்து எடுத்துத்தான் கணிப்பு சரியாகிறது.

வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இது வராதா என்று கேட்கலாம். இதற்குப் பழைய சோதனை ஒன்று தெளிவான பதில் வைத்திருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளை இருட்டில் வளர்த்தார்கள். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம். அந்த நேரத்தில் இரண்டு குட்டிகளை ஒரு சுழல் தண்டின் இரு முனைகளிலும் பூட்டினார்கள். ஒன்று தானாக நடக்கும். மற்றது தொட்டியில் உட்கார்ந்திருக்கும், முதல் குட்டி நடந்தால் இதுவும் சுற்றி வரும். இரண்டும் பார்ப்பது ஒரே கோடு போட்ட சுவரைத்தான். பிறகு சோதித்தபோது, நடந்த குட்டி மேசை விளிம்பை நெருங்கியதும் கால்களை நீட்டி ஊன்றத் தயாரானது, பள்ளத்தைக் கண்டு விலகியது. உட்கார்ந்து வந்த குட்டிக்கு இரண்டும் தெரியவில்லை. கண் பழுதில்லை. தன் அசைவுக்கும் கண்ணில் படும் காட்சிக்கும் உள்ள தொடர்பை அது கற்கவே இல்லை. அந்தக் குட்டியைச் சுதந்திரமாக நடக்க விட்டதும் சில நாள்களில் தேறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாமதமான பிள்ளைக்கும் வாய்ப்பு இருக்கிறது, அசைய விட்டால்.

கைப்பேசியில் வண்ணக் கட்டைகள் அடுக்கும் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நினைத்தால் எனக்கு அந்தத் தொட்டியில் உட்கார்ந்த குட்டிதான் நினைவுக்கு வருகிறது. விரல் அசைகிறதே என்று சொல்லலாம். ஆனால் கண்ணாடியில் எல்லாப் பொருளும் ஒரே வழுவழுப்பு. கனமில்லை, ஓரமில்லை, சாய்ந்து விழும் ஆபத்தும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், திரை பார்த்து உட்காருவது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவும், முட்டி வலியோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் இருக்கும் வீட்டில் 1 மணி நேரம் என்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அதனால்தான் திரையைப் பிடுங்குவதைவிடக் கைக்கு வேறு வேலை கொடுப்பதைப் பற்றிப் பேசுவது பயன் தரும்.

எழுதும் அவசரம்

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை வெறும் குருத்தெலும்பு. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எலும்பாக மாறுகின்றன. கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தென்பட 8 வயதுக்கு மேலாகும். நான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் கட்டி முடியாத வீடு. அதன் மேல் ஒரு பக்கம் முழுக்க "அ" எழுதும் சுமையை ஏற்றினால் பிள்ளை தோளால் எழுதும், மூச்சைப் பிடித்து எழுதும், பென்சிலை முஷ்டியில் இறுக்கும். அப்புறம் "இவனுக்கு எழுதவே பிடிக்கலை" என்று நாம் சொல்வோம்.

பென்சில் பிடிக்கும் விதமும் படிப்படியாகத்தான் மாறுகிறது. ஒன்றரை வயதில் முழுக் கையால். இரண்டு மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கி. மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல்களால், ஆனால் மணிக்கட்டையே அசைத்து. விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் முதிர்ந்த பிடி பெரும்பாலும் நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வருகிறது. நச்சரிப்பதால் இது முந்தி வருவதில்லை. கோலமாவு கிள்ளுவது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது போன்றவற்றால் விரல்கள் வலுவாகி, நேரம் வரும்போது பிடி தானே அமைகிறது.

வடிவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய 3 வயதில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும், 4 வயதில் கூட்டல் குறி போன்ற சிலுவைக் கோடு, நாலரை ஐந்தில் சதுரம், ஐந்து தாண்டி முக்கோணம், ஆறு ஏழில்தான் வைரம் போன்ற சாய்சதுரம். சாய்ந்த கோடு நேர்க்கோட்டைவிடக் கடினம், ஏனென்றால் கை ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் போக வேண்டும். இதை வைத்து நம் எழுத்துகளைப் பாருங்கள். "ட" ஒரு நேர்க்கோடும் ஒரு படுக்கைக் கோடும். "ப" மூன்று நேர்க்கோடுகள். ஆனால் நாம் தொடங்குவது "அ", "ஆ", "இ", "ஈ" என்று. "அ"வில் சுழி, வளைவு, குறுக்குக் கோடு, திசை மாற்றம் எல்லாம் ஒன்றாக வருகின்றன. "இ" இன்னும் சிக்கல். அரிச்சுவடி வரிசையில் பாடட்டும், சொல்லட்டும். எழுதுவதை ட, ப என்று கைக்கு எளிய வரிசையில் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் பயிற்சித்தாள் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2012இல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் தலைமையிலான ஓர் ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று விதமாக எழுத்துகளைப் பழகவைத்தார்கள். வெறும் தாளில் தானாக எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, விசைப்பலகையில் தட்டுவது. பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி எம்.ஆர்.ஐ. கருவியில் மூளையைப் பார்த்தபோது, தானாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் பெரியவர்கள் வாசிக்கும்போது இயங்கும் பகுதிகள் விழித்தன. தானாக எழுதும் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். அந்த வேறுபாடுகளுக்குள் "இது எல்லாம் ட தான்" என்று பிள்ளை அடையாளம் காணும்போதுதான் எழுத்து மனதில் பதிகிறது. புள்ளியைத் தொட்டுப் போகும் கைக்கு முடிவெடுக்க எதுவுமில்லை. அழகாக நிறைந்த பயிற்சித்தாள் பெற்றோருக்கு மகிழ்ச்சி தரும், பிள்ளைக்குத் தருவது குறைவு.

நம் நாட்டுக் கலைத்திட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2010இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளித் தர கலைத்திட்டம் விளையாட்டு வழிக் கற்றலையும் சிந்தனைத் திறனையும் வெளிப்படையாக முன்வைத்தது. 2019 முதல் ஆரம்பப் பள்ளியில் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் முதலாம் ஆண்டில் பின்தங்கிவிடுவானோ என்ற பயம் பாலர் பள்ளியைக் குட்டி ஆரம்பப் பள்ளியாக மாற்றிக்கொண்டே இருக்கிறது.

வாசலில் இருக்கும் பாடம்

நம்மிடமே இருக்கும் மிகச் சிறந்த பயிற்சிக் கருவி கோலம். இதை மரபுப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலை செய்யும் விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

மாவைக் கிள்ளும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முக்கிய வேலை செய்கின்றன, நடுவிரல் தாங்குகிறது. பென்சிலுக்குத் தேவையான அதே மூன்று விரல்கள். மாவு எவ்வளவு விழ வேண்டும் என்பதை விரல் அழுத்தத்தால் கட்டுப்படுத்த வேண்டும், கண் அடுத்த புள்ளியில் இருக்க வேண்டும், குனிந்து உட்கார்ந்த உடல் சாயாமல் நிற்க வேண்டும். புள்ளி வைப்பது எண்ணிக்கையும் இடைவெளியும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்றால் பிள்ளை 3 என்ற எண்ணைக் கண்ணால் பார்க்கிறது. வெளிப்புள்ளிகளைச் சேர்த்தால் சதுரம். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் சேர்த்தால் சாய்சதுரம், அதாவது ஆறேழு வயதில் வர வேண்டிய கடினமான வடிவம். ஆனால் புள்ளிகள் வழிகாட்டுவதால் ஐந்து வயதுப் பிள்ளையும் முயன்று பார்க்கலாம். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி, பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் ஒருவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று விளக்கினார். கோலப் புள்ளிகள் அந்தத் துணையைத் தருகின்றன. இது புள்ளிக்கோட்டுப் பயிற்சித்தாள் போன்றதில்லையா என்று தோன்றலாம். தாளில் பாதை முழுதும் போட்டுக் கொடுக்கப்படுகிறது. கோலத்தில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று பிள்ளைதான் தீர்மானிக்கிறது.

ஆரம்பத்தில் மாவு வேண்டாம், சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் போதும். பெரிதாக வரையட்டும். தோளும் முழங்கையும் முதலில், விரல் நுனி பிறகு. இன்னொன்று, பையன்களையும் உட்கார வையுங்கள். கோலம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்தால் வீட்டிலேயே கிடைக்கும் இந்தப் பயிற்சியைப் பையன்கள் இழந்துவிடுகிறார்கள்.

பல்லாங்குழி மற்றொன்று. மலாய்க்காரர் வீட்டுச் சொங்காக்கும் இதன் உறவுதான். 14 குழி தேவையில்லை, முட்டை அட்டையில் ஆறு குழி போதும். ஒரு குழிக்கு ஒரு காய் என்று போடும்போது, எண்ணைச் சொல்வதும் பொருளைத் தொடுவதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நான்கு வயதுப் பிள்ளைகள் பலர் ஒன்று முதல் இருபதுவரை பாட்டாகச் சொல்வார்கள். ஐந்து காய்களை எண்ணச் சொல்லி "எத்தனை?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று இன்னும் பிடிபடவில்லை. காயைக் கையில் எடுத்துப் போட்டுப் போட்டுத்தான் அது பிடிபடும். காய்க்கு ரப்பர் கொட்டையை மட்டும் கொடுக்காதீர்கள். நாம் சுட்டுவைத்து விளையாடிய கொட்டைதான், ஆனால் பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு ஆகாது. மூன்று வயதுக்குக் கீழே எந்தச் சின்னக் காயும் தொண்டையில் சிக்கும்.

கட்டை அடுக்குவதைப் பற்றி ஆய்வுகளே நிறைய. காட்டிய மாதிரியைப் பார்த்து அதேபோல் கட்டையை அடுக்கத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளைகள் ஆரம்பக் கணக்கிலும் மேலாகச் செய்கிறார்கள் என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. பள்ளியில் சேரும்போது நுண்ணிய கைத்திறன் எப்படி இருக்கிறது என்பது பின்னாளில் வாசிப்பிலும் கணக்கிலும் வரும் தேர்ச்சியை முன்கூட்டிச் சொல்கிறது என்று 2010இல் டேவிட் கிரிஸ்மர் குழுவினர் எழுதினார்கள். கைத்திறன்தான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, இரண்டும் கூடவே வளர்கின்றன என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

கை வேலைக்குள் யோசனை எங்கே?

பிலிப் செலாசோ என்ற உளவியலாளர் பயன்படுத்திய சீட்டு விளையாட்டு ஒன்றைச் சொன்னால் விளங்கும். சிவப்பு முயல், நீலப் படகு போன்ற படச்சீட்டுகள். முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை செய்துவிடும். "இப்போ நிறம் வேண்டாம், படத்தைப் பார்த்துப் பிரி" என்றால் புதிய விதியை வாயால் சரியாகச் சொல்லும், கை மட்டும் பழையபடி நிறத்தைப் பார்த்தே போடும். ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மாற்றிவிடுகிறார்கள். பழைய வழியை நிறுத்தி, புதிய விதியை மனதில் பிடித்து, கையைத் திருப்புவது. சிந்தனைத் திறன் என்று கலைத்திட்டம் பெரிதாகச் சொல்வதன் அடிப்படை இந்த மூன்றும்தான். வீட்டில் பட்டன்களைக் கொட்டிவைத்து முதலில் நிறமாக, அப்புறம் அளவாகப் பிரிக்கச் சொன்னால் அதே பயிற்சி நடக்கிறது.

கட்டை அடுக்கும் பிள்ளை தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும். "இது பெருசு... இங்க வை... இல்ல விழும்." வகுப்பில் இதைச் சத்தம் என்று அடக்கிவிடுகிறோம். இது யோசனை வெளியே கேட்கும் பருவம் என்று வைகாட்ஸ்கி விளக்கினார். வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடும். நாளடைவில் அது உள்ளே போய் மௌனமான சிந்தனையாகிறது. ஆகவே அமைதியான பாலர் பள்ளியைப் பார்த்து நான் மகிழ மாட்டேன்.

பெரியவர் என்ன பேசுகிறார் என்பதும் இதில் சேரும். கோபுரம் சரிந்ததும், "பாத்து வைக்கக் கூடாதா?" என்றால் பிள்ளை ஒதுங்கிவிடும். "ஏன்யா விழுந்துச்சு?" என்று பாட்டி கேட்டால், "பெருசு மேல இருக்கு பாட்டி" என்று பேரன் காரணம் சொல்வான். "அப்ப என்ன செய்யலாம்?" என்ற அடுத்த கேள்வி போதும். பாட்டிக்குப் படிப்பு தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரட்டும். பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில்தான் காரணம் தெளிவாக வரும்.

தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய லயத்து வீட்டுக்கு முன்னால் திடல் இருந்தது, மண் இருந்தது, கோழி இருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இதையெல்லாம் வைத்து அந்த வாழ்க்கையைச் சொர்க்கம் என்று யாரும் சொல்லக் கூடாது. கூரை ஒழுகியது, பால் வாடை அடித்தது, அம்மை வந்தது. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது, திடலுக்குப் பதில் கிரில் கதவு வந்தது. பிள்ளையின் கைக்குக் கிடைத்த வேலைகள் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அதில் ஒரு பகுதியை அடுப்படியில் திரும்பப் பிடிக்கலாம். நெத்திலித் தலை கிள்ளுவது, தவுகே என்ற பயறு முளையின் வால் கிள்ளுவது, சின்ன வெங்காயத்தின் தோல் உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, உதிரி மல்லிகையை ஊசி நூல் இல்லாமல் நாரில் தொடுக்கப் பழகுவது. துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்துவது விரலுக்கு நல்ல பலம். மைலோவை அகன்ற கோப்பையிலிருந்து ஒடுங்கிய கிளாசுக்கு ஊற்றினால் "கூடிடுச்சு" என்று பிள்ளை சொல்லும். ஆறேழு வயதுவரை பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று உளவியலாளர் பியாஜே காட்டினார். திருத்த வேண்டாம். தண்ணீரை வைத்து ஊற்றி ஊற்றிப் பார்க்க விடுங்கள். சிந்தும். துடைக்கத் துணியைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள்.

பந்து பிடிப்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று வயதில் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும். நான்கு வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். சின்னப் பந்துக்கு இன்னும் காலம் ஆகும்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். பிள்ளை இடது கையால் செய்தால் விட்டுவிடுங்கள். உலகில் பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். சாப்பிடும்போது மாற்றச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதைப் பென்சிலுக்கும் கத்தரிக்கோலுக்கும் கொண்டுவந்தால் பிள்ளை இரண்டு கையிலும் தடுமாறும். பொருளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பது, ஒரு கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்ப்பது இருந்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குச் சோம்பல் கண் என்ற குறை இருக்கிறது, வெளியே தெரியாது, ஏழு வயதுக்கு முன் கண்டால் நன்றாகச் சரிசெய்யலாம். ஐந்து வயதிலும் கிரயானை முஷ்டியில்தான் பிடிக்கிறது, படியில் ஏறி இறங்கத் தடுமாறுகிறது, பட்டன் எதுவுமே போட வரவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று திட்டாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு உடல் ஒத்திசைவில் உண்மையான சிரமம் உண்டு, அதற்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.

பாலர் பள்ளியைப் பார்க்கப் போகும்போது பயிற்சிப் புத்தகத்துக்குப் பதில் அலமாரியைப் பாருங்கள். கட்டைகள் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பெட்டி பிரிக்காமல் மேலே அடுக்கியிருக்கிறதா? சுவரில் ஒட்டிய படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் வேறு வேறா? மணல், தண்ணீர், மாவு ஏதாவது உண்டா? அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள்வரை, ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். இத்தனை பேரை வைத்துக்கொண்டு மாவு பிசைய விடுவது எளிதில்லை, பயிற்சித்தாள் கொடுத்து உட்காரவைப்பது எளிது. டீச்சர் கடினமான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பெற்றோர் அவர் பக்கம் நிற்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை பணம் ஒதுக்கும்போது, நகல் எடுக்கும் செலவுக்கு முன்னால் ஒரு மூட்டை ஆற்று மணலும் மரப்பட்டறையில் இழைத்து வழவழப்பாக்கிய துண்டுக் கட்டைகளும் கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் மரப்பட்டறைக்குப் பஞ்சமில்லை.